இரண்டு கட்டளைகளும் ஒரு சனிக்கிழமையும்

"அக்கா, இந்த ரெண்டு கடதாசியிலயும் எது பெரிசு?"

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னர் வந்த தொலைபேசி அழைப்பில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவளது வீட்டுப் படலைக்கு வெளியே கணவன் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறான். அவள் கையில் நீதவான் நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்புக் கட்டளை இருக்கிறது. அவன் அந்த வீட்டுக்கு வரக்கூடாது, அவளோடு தொடர்புகொள்ளக்கூடாது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவன் கையில் மாவட்ட நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குத் தாயின் வசிப்பிடத்தில் பிள்ளைகளைப் பொறுப்பேற்று, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப ஒப்படைக்கலாம் என்று அதில் இருக்கிறது. இரண்டிலும் இலங்கைக் குடியரசின் முத்திரை.

அயலவர் ஒருவர் பொலிஸுக்கு அறிவிக்க, வந்த உத்தியோகத்தர் இரண்டு கடதாசிகளையும் மாறி மாறி வாசித்துவிட்டு, "ரெண்டுமே கோட்ஸ் ஓடர். நாங்கள் என்ன செய்யிறது?" என்றாராம். அவரில் நான் பிழை சொல்லமாட்டேன். அந்தக் கேள்விக்கு அந்தப் படலையடியில் எவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒன்பது வயது மகன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான் என்பதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் சட்டத்தரணி அல்ல. வடக்கில் பெண்களோடு பொலிஸ் நிலையத்துக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப்போகிற வேலையைப் பதினான்கு வருடங்களாகச் செய்து வருகிறேன். வழக்குகள் கூப்பிடப்படும்வரை விறாந்தை வாங்கில் இருப்பதும், உள்ளே நடந்ததை வெளியே வந்து விளங்கப்படுத்துவதும்தான் என்னுடைய வேலையில் பெரும்பகுதி. இந்தப் பெண்ணின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால், சனிக்கிழமைப் பிரச்சினையை மாற்றவில்லை. அது எப்படி வந்தது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குடும்பம், நான்கு கோப்புகள்

"குடும்ப நீதிமன்றம்" என்றொரு பெயர் எங்கள் சட்டத்தில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. ஆனால், அப்படியொரு தனிக் கட்டடத்தையோ, அந்த வேலையை மட்டும் பார்க்கும் நீதிபதியையோ எங்கள் ஊர்களில் தேடிப்போனால் கிடைக்காது. விவாகரத்தும் அதனோடு சேர்ந்த பிள்ளைகளின் கட்டுக்காப்பும் மாவட்ட நீதிபதியின் முன்னால் போகும். காணி உறுதி, பாகப்பிரிவினை, கடன் வழக்குகளுக்கு நடுவில் அவை கூப்பிடப்படும். தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வீட்டு வன்முறைக்கான பாதுகாப்புக் கட்டளையும் நீதவானிடம்தான், ஆனால் வேறொரு கோப்பு. அடித்ததற்குப் பொலிஸ் குற்றவியல் வழக்குத் தாக்கல் செய்தால் அது இன்னொரு கோப்பு, இன்னொரு இலக்கம், இன்னொரு தவணை.

ஆக, ஒரே வீட்டில் ஒரே இரவில் நடந்த ஒரு சம்பவம் நான்கு கோப்புகளாகப் பிரிகிறது. கணவன் அடித்ததால் அவள் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போனாள் என்பது ஒரு கோப்பில் வன்முறை. இன்னொரு கோப்பில் அதே பயணம் "மனைவி தீய எண்ணத்துடன் கைவிட்டுச் சென்றார்" என்று எழுதப்படும். நான் சொல்லும் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அவள் பாதுகாப்புக் கட்டளை பெற்றுச் சில வாரங்களில் கணவன் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டான். அந்த வழக்கேட்டில் பாதுகாப்புக் கட்டளை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுக்காக அங்கே தோன்றிய சட்டத்தரணி வேறொருவர், கோப்பு அவரிடம் வந்து சேர்ந்ததே முதல்நாள்தான். பிள்ளைகளைப் பார்க்கத் தகப்பன் அனுமதி கேட்டார், நீதிமன்றம் கொடுத்தது. தனக்குத் தெரிந்ததை வைத்து நீதிபதி நியாயமாகத்தான் நடந்தார்.

சில சிறிய நீதிமன்றங்களில் மாவட்ட நீதிபதியும் நீதவானும் ஒருவரே. அங்கேகூட இது நடக்கும். காலையில் நீதவானாக ஒரு கோப்பைப் பார்ப்பவர், மற்றொரு நாள் மாவட்ட நீதிபதியாக அதே குடும்பத்தின் இன்னொரு கோப்பைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்துடையவை என்று யாராவது எழுந்து சொன்னால்தான் தெரியும். வழக்கிலக்கம் சொல்லாது.

தாபரிப்பு: கட்டளை ஒரு நாள் வேலை, காசு ஒவ்வொரு மாத வேலை

எங்களிடம் வருகிற பெண்களில் அதிகமானோர் வருவது தாபரிப்புக்காகத்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரித்தானியர் காலத்து 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை நீக்கி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன். கணவன், மனைவி இருவரில் தன்னைத் தாபரிக்க முடியாதவர் மற்றவரிடம் கேட்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை உட்பட, கேட்கலாம். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட, இன்னும் உழைக்க முடியாத பிள்ளைக்கும் கேட்கலாம். மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கு வயதெல்லை இல்லை. மாதச் சம்பளம் வாங்குபவராக இருந்தால், சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி தொழில் வழங்குநருக்குக் கட்டளையிடலாம். கட்டாவிட்டால் பிடியாணை. அதற்கும் அசையாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம்வரை சிறை.

வாசிக்க எல்லாம் சரியாக இருக்கிறது. பிரச்சினை முதல் படியிலேயே தொடங்கும். அழைப்பாணை போய்ச் சேரவேண்டும். அவன் கொழும்பில் வேலை, விலாசம் தெரியாது. தெரிந்தாலும் "வீட்டில் ஆள் இல்லை" என்று திரும்பி வரும். அப்படியே இரண்டு மூன்று தவணை போகும். ஒவ்வொரு தவணைக்கும் அவள் கூலி வேலையை விட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடி, சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பத்து மணிக்குக் கோப்பு கூப்பிடப்படும். "அழைப்பாணை சேரவில்லை, மீள அனுப்பவும்." அரை நிமிடம். அடுத்த தவணை ஒரு மாதத்துக்கோ ஒன்றரை மாதத்துக்கோ பிறகு.

அடுத்தது வருமானம். எங்கள் பகுதியில் மேசன், தச்சர், கடற்றொழிலாளி, லொறிச் சாரதி, ஓட்டோக்காரர் எவருக்கும் சம்பளப் பட்டியல் இல்லை. அவன் கூண்டில் ஏறி "கிழமையில் ரெண்டு நாள்தான் வேலை" என்பான். லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு அவன் மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறான் என்பது அவளுக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் தெரியாது. அந்த லீசிங் பற்றிக் கேளுங்கள் என்று சட்டத்தரணிக்கு நான் காதுக்குள் சொல்லி, அதனால் தொகை கூடிய வழக்குகள் உண்டு. அது என்னுடைய கெட்டித்தனம் இல்லை. எதிராளியின் வருமானத்தைத் தேடிப் பார்க்க நீதிமன்றத்திடம் ஒருவரும் இல்லை என்பதற்கான அத்தாட்சி.

இங்கே தென்னாபிரிக்காவை உதாரணம் காட்டுவது பொருத்தம். வேறு எந்த நாட்டையும்விட அது எங்களுக்குச் சட்டத்தில் சொந்தம். இரு நாட்டுக் குடும்பச் சட்டத்துக்கும் வேர் உரோம–டச்சுச் சட்டம். அங்கே 1998ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் "தாபரிப்புப் புலனாய்வாளர்" என்ற பதவியை உருவாக்கியது. தலைமறைவான தகப்பனின் விலாசத்தைக் கண்டுபிடிப்பதும், அவனுடைய வருமானம், சொத்து பற்றிய தகவல்களைத் திரட்டுவதும் அவருடைய கடமை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், இந்தத் தேடுதல் அரசின் வேலை, கைக்குழந்தையோடு நிற்கும் தாயின் வேலை அல்ல என்று அவர்களுடைய சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்களிடம் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் ஒரு கிராம அலுவலரும், அவரோடு அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்கு என்ன தொழில், எத்தனை பரப்புக் காணி என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. நீதவான் ஓர் அறிக்கை கேட்டு, இத்தனை நாளுக்குள் தரவேண்டும் என்று விதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, தொகை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். பால்மா, மண்ணெண்ணெய், கொப்பி எல்லாம் ஏறின. அதற்கு முன்னர் போடப்பட்ட தாபரிப்புக் கட்டளைகள் ஏறவில்லை. ஐயாயிரம் ரூபாய்க் கட்டளையை இன்றைக்கும் வைத்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றும்படி மனுச்செய்யலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவர்களோ, "திரும்பவும் முதலிலிருந்து தவணையா?" என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். கட்டளை போடும்போதே வருடாந்தம் இவ்வளவு கூடும் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

சிறைக்கு அனுப்புவது பற்றி எனக்கு இரண்டு மனம். பிடியாணை என்றவுடன் எங்கிருந்தோ காசு வருவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அண்ணன் கொடுப்பான், தாய் சங்கிலியை அடைவு வைப்பாள். ஆனால், உண்மையிலேயே இல்லாதவன் உள்ளே போனால் அந்த மாதமும் காசு இல்லை. வெளியே வரும்போது கோபம் மட்டும் இருக்கும். அந்தக் கோபம் எந்த வீட்டுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால், நிலுவை எவ்வளவு என்று கேட்கும்போது குறைத்துச் சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் கணவன் வேறொரு கதை. பொதுநலவாய நாடுகளோடு தாபரிப்புக் கட்டளைகளை ஒன்றுக்கொன்று நிறைவேற்றும் ஏற்பாடு பிரித்தானியர் காலத்திலிருந்தே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் கணவனிடமிருந்து இந்த வழியால் ஒரு ரூபாய் வந்ததை நான் இதுவரை கண்டதில்லை. வந்தது எல்லாம் அங்குள்ள உறவினர் பேசி வந்த காசு.

பன்னிரண்டு மாதக் கடதாசி

வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த அல்லது வாழ்கின்ற பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் துணையின் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். நீதவான் நீதிமன்ற விறாந்தையில் பாதுகாப்புக் கட்டளைக்காக நிற்கிறவர்களின் எண்ணிக்கையை இதோடு ஒப்பிட்டால், சட்டம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, இது கணவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு இல்லை என்பதைத்தான். இது ஒரு வேலி. பாதிக்கப்பட்டவர் தானே மனுச்செய்யலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். அவசரம் என்றால் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை கொடுத்து, பதினான்கு நாட்களுக்குள் விசாரணைக்கு எடுக்கவேண்டும். பின்னர் கொடுக்கப்படும் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். மீறினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாத தண்டம் அல்லது ஒரு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும்.

இதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத பகுதிகள் இருக்கின்றன. அவசர நிதி உதவி கொடுக்கும்படி எதிராளிக்குக் கட்டளையிடலாம். உளவளத்துணைக்கு அனுப்பலாம். கட்டளை மதிக்கப்படுகிறதா என்று கண்காணித்து அறிக்கை தரும்படி ஒரு சமூக சேவையாளரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ நியமிக்கலாம். நான் கூடப்போன மனுக்களில் பெரும்பாலானவற்றில் கேட்கப்பட்டது ஒன்றுதான்: கிட்ட வரக்கூடாது. மற்றவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்காததை நீதிமன்றம் கொடுப்பதும் குறைவு. ஒரு பக்கத்தில் எல்லா நிவாரணங்களையும் அச்சிட்டு, பக்கத்தில் சின்னப் பெட்டி போட்டு, வேண்டியதற்கு அடையாளமிடும்படி ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தால் போதும். இதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை.

ஆனால், பல பெண்கள் இந்தப் படிவம்வரை வருவதேயில்லை. பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவில் முறைப்பாடு எழுதும்போதே, "பிள்ளையளைப் பாருங்கோ, ஒருக்கா ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைப்பம்" என்பதோடு நின்றுவிடும். கதைப்பது முழுக்கவும் பிழை என்று நான் நினைக்கவில்லை. சண்டை வேறு, வன்முறை வேறு. சண்டைக்குக் கதைக்கலாம். கழுத்தை நெரித்தவனோடு ஒரே மேசையில் இருத்திக் கதைக்கச் சொன்னால், அவள் என்ன கதைப்பாள்? "இனிமேல் அடிக்கமாட்டேன்" என்று அவன் கையொப்பமிட்ட கடதாசியை எத்தனையோ பேர் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அதை மீறினால் எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை என்று சொல்லும்போது அவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மொழியும் இதற்குள் இருக்கிறது. வடக்கு, கிழக்கில் நீதிமன்றப் பதிவு தமிழில். ஆனால், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில். மலையகத்திலோ கொழும்பிலோ என்றால் பொலிஸ் வாக்குமூலமே சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத பெண்ணிடம் கையொப்பம் வாங்கப்படும். அரசியலமைப்பு தமிழையும் நீதிமன்ற மொழி என்கிறது. அவள் கையில் இருக்கும் பேனைக்கு அது தெரியாது.

தென்னாபிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. பாதுகாப்புக் கட்டளை கொடுக்கும்போதே ஒரு பிடியாணையையும் எழுதி, அதை இடைநிறுத்தி வைத்துவிடுவார்கள். எதிராளி கட்டளையை மீறினால் அவள் அந்தப் பிடியாணையைப் பொலிஸிடம் காட்டலாம். புதிதாக மனு, தவணை, விளக்கம் தேவையில்லை. அன்றைய சனிக்கிழமை படலையடியில் நின்ற உத்தியோகத்தருக்கு அப்படியொரு தெளிவான கடதாசி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உடனேயே இன்னொரு யோசனையும் வந்தது: அவன் கையில் இருந்ததும் உண்மையான கட்டளைதானே?

பிள்ளை யாரிடம்?

அந்தக் கேள்விதான் எங்களைக் கட்டுக்காப்புக்குக் கொண்டுவருகிறது. உரோம–டச்சுச் சட்டத்தில் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர். திருமணம் நீடிக்கும் காலத்தில் அவருடைய உரிமைக்கே முன்னுரிமை. காலப்போக்கில் எங்கள் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனே முதன்மையானது என்ற இடத்துக்கு நகர்ந்திருக்கின்றன. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே கொள்கையில் குறையில்லை. அந்த நலனை யார், எங்கே, எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் கண்ட மோசமான காட்சி, நிறைந்த நீதிமன்றத்தில் ஏழு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "அம்மாவோட இருக்கப் போறீங்களா, அப்பாவோடயா?" என்று கேட்டது. பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அழுதது. வேறு நீதிபதிகள் தங்கள் அறைக்குள் கூப்பிட்டு, இனிப்புக் கொடுத்து, படிப்பைப் பற்றிக் கேட்டு, மெதுவாகப் பேச்சை அங்கே கொண்டுபோனதையும் கண்டிருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எந்த நீதிபதி கிடைப்பார் என்பது அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை கேட்கப்படும்போது நிலைமை எவ்வளவோ மேல். அவர் இரண்டு வீட்டுக்கும் பாடசாலைக்கும் போய்ப் பார்க்கிறார். ஆனால், ஓர் உத்தியோகத்தருக்கு எத்தனை பிரதேசம், எத்தனை கோப்பு என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பிள்ளையை மறைத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொழும்புக்குப் போகலாம், மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம். கட்டுக்காப்புத் தகராற்றை விசாரிக்கப் பொருத்தமான நீதிமன்றம் வேறொன்று இருந்தால் அங்கே போகும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் பணிக்கலாம் என்று அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை சொல்கிறது. இது ஐந்தாவது கோப்பு.

கட்டுக்காப்புச் சண்டை இவ்வளவு கசப்பாவதற்கு எங்கள் விவாகரத்துச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: சோரம், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. அடித்தான் என்பது தனிக் காரணமாகவே இல்லை. அதைக் கைவிடுதல் என்ற சட்டைக்குள் புகுத்தவேண்டும். எவராவது ஒருவர் குற்றவாளியாகவேண்டும் என்பதால், இருவரும் மற்றவரைப் பற்றி எழுதக்கூடிய மிக மோசமானதை எழுதுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து அந்த வழக்கேட்டை வாசித்தால் என்ன ஆகும் என்று எவரும் யோசிப்பதில்லை. அதே உரோம–டச்சு வேரில் இருந்து வந்த தென்னாபிரிக்கா, "இந்தத் திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது" என்பதையே காரணமாக 1979இல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

தகப்பன்மார் பற்றியும் சொல்லவேண்டும். பாதுகாப்புக் கட்டளையைப் பெண்கள் தவறாகப் பாவிக்கிறார்கள் என்று ஆண்கள் சொல்வதைக் கேட்டு நான் பலதடவை கோபப்பட்டிருக்கிறேன். ஆனால், ஒழுங்காகக் காசு கட்டியும் வருடக்கணக்கில் பிள்ளையின் முகத்தைப் பார்க்காத தகப்பன் ஒருவர் அதே விறாந்தை வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து அழுததும் உண்மை. தாபரிப்பு வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. ஒன்றை மற்றதற்குப் பணயம் வைக்க இரு தரப்புக்கும் உரிமை இல்லை. இதை வழக்குத் தொடங்கும் முதல் நாளே இருவரையும் தனித்தனியாக இருத்திச் சொல்ல, நீதிமன்றத்தோடு இணைந்த ஓர் உளவளத்துணையாளர் இருந்தால் எவ்வளவோ தவணை மிச்சமாகும். பிரதேச செயலகங்களில் அப்படியான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கிழமையில் ஒரு நாள் அவர்களை நீதிமன்றத்தில் இருத்துவதற்கு ஒரு மேசையும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் போதும்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தேசவழமை இன்னொரு முடிச்சு. சீதனமாக வந்த, தன் பெயரிலேயே இருக்கும் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. கைவிட்டுப் போனவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் சம்மதத்தைக் கேட்கலாம். அதாவது, ஆறாவது கோப்பு. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் தாபரிப்பும் விவாகரத்தும் காதியிடம் போகும். காதியின் தாபரிப்புக் கட்டளையை நிறைவேற்றுவதற்கு மறுபடி நீதவான் நீதிமன்றம். பெண் ஒருவர் காதியாக முடியாது. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம், அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள்.

ஒரு வரி

பெரிய குடும்ப நீதிமன்றக் கட்டடங்கள் வேண்டும் என்று மாநாடுகளில் கேட்கிறார்கள். வந்தால் நல்லது. நான் கேட்பது சின்ன விடயம். குடும்ப வழக்கு எதைத் தாக்கல் செய்தாலும், முதல் பக்கத்தில் ஒரு கேள்வி கட்டாயமாக இருக்கவேண்டும்: இதே குடும்பம் சம்பந்தமாக வேறு நீதிமன்றத்தில் வழக்கோ கட்டளையோ உண்டா? இருந்தால் இலக்கம் என்ன? பொய் சொன்னால் சத்தியக்கடதாசியில் பொய் சொன்னதாகக் கருதப்படவேண்டும். பதில் "ஆம்" என்றால், அந்தக் கட்டளையின் பிரதி கோப்பில் சேரும்வரை பிள்ளையை ஒப்படைப்பது பற்றிய கட்டளை போடக்கூடாது. இதையெல்லாம் செய்தால் தாமதம் கூடும் என்று ஒரு சட்டத்தரணி என்னிடம் வாதிட்டார். கூடலாம். ஆனால், அந்தப் பெண்ணின் நான்கு கோப்புகளுக்குமாக நான் என் கொப்பியில் குறித்து வைத்திருக்கும் தவணைகள் இருபத்தாறு. அவற்றில் எட்டு, ஒரு கோப்பில் இருப்பதை மற்றக் கோப்புக்குத் தெரியப்படுத்துவதற்காகவே போனவை.

சனிக்கிழமைப் பிரச்சினைக்குத் தற்காலிகமாக ஒரு முடிவு வந்தது. நீதவானின் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் போட்டு, ஒப்படைக்கும் இடத்தை மாற்றும்படி கேட்டோம். பிரதேச செயலகம் சனிக்கிழமை பூட்டு. பொலிஸ் நிலையம் என்றதும் மகன் வரமாட்டேன் என்றான். கடைசியில் அவளுடைய மாமா ஒருவரின் பலசரக்குக் கடை முடிவானது. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் கடைக்குள் இருப்பார்கள். அவள் பின் கதவால் போய்விடுவாள். அவன் முன் கதவால் வருவான். மாமா தராசுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து நேரத்தைக் குறித்து வருகிறார். நான்கு வயது மகள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன கிழமை அவள் திரும்பவும் தொலைபேசி எடுத்தாள். பாதுகாப்புக் கட்டளையின் பன்னிரண்டு மாதம் அடுத்த மாதம் முடிகிறது. மாவட்ட நீதிமன்றத்தின் அடுத்த தவணை அதற்கு ஆறு கிழமைக்குப் பிறகு.

"அந்த ஆறு கிழமைக்கும் என்னட்ட என்ன கடதாசி இருக்கும், அக்கா?"

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பழைய கட்டளையின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாமாவின் கொப்பி.